சும்மா இருக்கத் தெரியாத கை

"அண்ணை, அதை விடுங்கோ."

ஜெர்மனிக்கு வந்து முதல் இரண்டு வருடமும் நான் அதிகம் பேசிய வசனம் இதுதான். காலையில் எழும்பினால் இது, தேத்தண்ணி ஊற்றினால் இது, படுக்கப் போகும்போதும் இது. அவர் ஒருநாளாவது விட்டாரா? விடவே இல்லை. இத்தனை வருடம் கழித்து அவரை நினைத்தாலும் எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பெயரை எழுதப் போவதில்லை. எங்கேயோ பிள்ளை, பேரப்பிள்ளை என்று இருக்கக்கூடிய மனிதர். அங்கே இருந்த எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணை. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, மேற்குப் பக்கம் கடந்து வந்து, பிறகு அதிகாரிகள் பிரித்து அனுப்பிய இடத்துக்குப் போனவர்கள்தான் நாங்கள் எல்லோரும். என்னையும் அவரையும் அனுப்பியது என் அக்கா இருந்த வுப்பர்டாலில் இருந்து பல மணி நேரம் தள்ளிக் கிடந்த ஒரு சின்ன ஊருக்கு. அகதிகள் தங்கும் ஹைமில் ஒரே அறை, இரண்டு கட்டில், ஒரு ஜன்னல்.

ஊரில் அவர் வலிகாமத்துச் செம்மண்ணில் புகையிலை செய்தவர். நெடுத்த ஆள், முழங்கால் வரை தொங்குகிற கை. விடியமுன் கிணற்றுத் துலா மிதித்து, வெயில் ஏறும்வரை தோட்டத்தில் நின்று, வீட்டுக்கு வந்தாலும் ஏதாவது ஒன்றைப் பின்னிக்கொண்டிருந்த மனிதர். அப்படிப்பட்ட ஆளுக்கு ஜெர்மன்காரன் என்ன சொன்னான்? உன் வழக்கு முடியும்வரை நீ வேலை செய்யக்கூடாது, மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது, சாப்பாடு தருகிறோம், இரு என்றான். எனக்கென்றால் அது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. நான் ஊரிலும் பெரிதாக ஒன்றும் வெட்டி விழுத்தியவன் இல்லை. அவருக்குத்தான் பைத்தியம் பிடித்தது.

"பாரும் தம்பி, புகையிலைக் கறை முழுக்கப் போயிட்டுது" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். "பேனை பிடிக்கிற கந்தோர்க்காரன்ரை கை மாதிரிக் கிடக்கு."

"நல்லதுதானே அண்ணை."

"என்ன நல்லது? விசர்க்கதை கதையாதையும்."

அந்தக் கறை போன கைதான் எங்கள் எல்லோருடைய உயிரையும் வாங்கியது. ஹைமின் பொதுக் குசினியில் யார் கறி வைத்தாலும் மூடியைத் திறந்து ருசி பார்ப்பார், உப்புப் போடுவார். கானாக்காரன் ஒருவனின் ரேடியோ கொஞ்சம் கரகரக்கிறது என்று கழற்றிப் பூட்டினார். அதற்குப் பிறகு அதில் ஒரே ஒரு நிலையம்தான் கேட்டது, அதுவும் பாதிரியார் ஒருவர் பிரசங்கம் பண்ணுகிற நிலையம். ஹீற்றரின் திருகை "இதுக்கு ஒரு வழி இருக்கு, பொறும்" என்று திருகினார். மாரிகாலம் முழுக்க எங்கள் அறை அவிந்தது, பக்கத்து அறைக்காரர்கள் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு எங்களை ஏசினார்கள்.

எனக்கு ஒரு கோட் இருந்தது. தேவாலயத்தில் கொடுத்தது. கை கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். வழக்கு விசாரணைக்கு டெர்மின் என்று தவணை குறித்திருந்த நாள் காலையில் எழும்பிப் பார்க்கிறேன், இரண்டு கையும் வெட்டி மடித்துத் தைத்துக் கிடக்கிறது. தையல் என்றால் தையல், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, மற்றது மணிக்கட்டில்.

"அண்ணை! என்ன வேலை பார்த்து வைச்சிருக்கிறீங்கள்?"

"நீளமாய்க் கிடந்தது தம்பி. பெரிய இடத்துக்குப் போறீர், வடிவாய்ப் போகவேண்டாமே?"

அந்த அதிகாரிக்கு முன்னால் நான் ஒரு கையை மேசைக்குக் கீழே ஒளித்து வைத்துக்கொண்டு என் கதையைச் சொன்னேன். வெளியே வந்து மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. அவருக்கு நான் கதைக்காமல் விட்டதே தெரியவில்லை. அந்த மூன்று நாளில் கதவுப் பிணைச்சல் எல்லாவற்றுக்கும் சமையல் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

ஹைம் நிரம்பி வழிந்தபோது அலுவலகம் சிலரைத் தனியார் வீடுகளில் கொண்டுபோய் வைத்தது. எங்கள் இரண்டு பேரையும் ஒரு ரயில்வேக் கிழவரின் வீட்டுப் பின்னறையில் விட்டார்கள். இளைப்பாறியவர், மனைவி இல்லை. மேல்மாடி அறையில் ஒரு பல்கலைக்கழகப் பெடியன் வாடகைக்கு இருந்தான். வீட்டுக்குப் பின்னால் ஒரு வளவு, எங்கள் ஊர்க் கணக்கில் வளவு என்று சொல்லவே வெட்கம், இரண்டு பாய் விரிக்கலாம். அதன் மூலையில் உடுப்புத் தோய்க்கிற பழைய கல்லுக் கொட்டில் ஒன்று. அதற்குள் ஒரு பெரிய செப்புக் கொப்பரை. உடுப்பு அவித்த காலம் எப்போதோ போய், அந்தக் கொப்பரையில் கிழவர் பியர் காய்ச்சினார்.

பியர் காய்ச்சுவது அந்த நாட்டில் பெரிய விஷயமில்லை. ஆனால் இவர் எல்லாவற்றையும் தன் வளவிலேயே எடுப்பார். வேலி ஓரமாக ஒரு கீலம் நிலத்தில் பார்லி விதைப்பார். அதை வெட்டி, அடித்து, நனைத்து, சாக்கில் பரப்பி முளைக்க வைத்து, மேல் பரணில் காயப் போடுவார். குசினிச் சுவர் ஓரமாக ஹொப்பன் என்று ஒரு கொடி. அது வருடா வருடம் வேரில் இருந்து கிளம்பி, கயிற்றைப் பிடித்துக் கூரைப் பீலி வரை ஏறும். கசப்பும் வாசமும் அதில் இருந்துதானாம். "சாமான் வாங்கினால் யாரும் காய்ச்சலாம்" என்பார் கிழவர். இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை, அவரோடு ரயில்வேயில் வேலை செய்த கூட்டாளிகள் தங்கள் தங்கள் குவளையோடு வருவார்கள். அந்த ஒரு பின்னேரத்துக்காகத்தான் கிழவர் மிச்ச வருடம் முழுக்க உயிரோடு இருந்தார் என்று எனக்குத் தோன்றும்.

நாங்கள் போனது பனிக்காலம். வந்த அன்று ஆளுக்கு ஒரு சின்னக் கிளாசில் தன் பியரைத் தந்தார். அண்ணை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுழித்தார்.

"என்ன இது, வேப்பம்பூவைக் கரைச்ச மாதிரி! எதிலை இருந்து இந்தக் கசப்பு எண்டு கேளும்."

கேட்டேன். கிழவர் ஜன்னலால் கையைக் காட்டினார். பனிக்குள் சுவர் ஓரமாக நாலைந்து காய்ந்த தண்டு நின்றது. அதில் இருந்து என்றார். அந்த நேரம் அதில் இலையும் இல்லை, பூவும் இல்லை, காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. நாங்களும் மேலே கேட்கவில்லை. கேட்க என்ன தேவை வந்தது அப்போது?

வசந்தம் வந்து மண் இளகியதும் அண்ணையைப் பிடிக்க முடியவில்லை. பார்லிக் கீலத்தைக் கிழவர் தன் பாட்டில் கிண்டிக்கொண்டிருந்தார். முழங்கால் சரியில்லாத மனிதர், ஒரு கொத்துக் கொத்தி இரண்டு மூச்சு விடுவார். அண்ணை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேலியைத் தாண்டுகிற மாதிரிப் பாய்ந்து போய் மண்வெட்டியை வாங்கினார். நான் வழக்கமான வசனத்தைச் சொல்லி முடிக்கும் முன் பாதி வேலை முடிந்துவிட்டது. கயிறு பிடித்து, பாத்தி கட்டி, வரம்பு தட்டி, கட்டியை உடைத்து மாவாக்கி விட்டார். கிழவர் ஏசப் போகிறார் என்று நினைத்தேன். கிழவரோ பாத்தியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு அடுத்த வீட்டு மனிசியைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு கூட்டாளி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இந்த மனிதருக்குக் கை இருக்கிறது" என்று என்னிடம் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

"அது அவருக்கு இப்பதான் தெரியுதோ?" என்றார் அண்ணை. ஆனால் காது வரை சிரிப்பு.

அந்த நேரத்தில்தான் அவருடைய மனைவியும் ஐந்து வயது மகளும் நாங்கள் வந்த அதே வழியால் வந்து சேர்ந்தார்கள். வந்தார்கள் என்று சந்தோஷப்பட முடியவில்லை. அவர்களைத் தெற்கே பவேரியாவில் ஏதோ மலைக்குப் பக்கத்து முகாம் ஒன்றில் போட்டுவிட்டார்கள். ஒரே நாடு, ஒரே காசு, ஒரே மழை, ஆனால் இவர் போகக்கூடாது, அவர்கள் வரக்கூடாது. போய்ப் பார்க்க அனுமதி கேட்டார், இல்லை என்றார்கள். திரும்பக் கேட்டார், திரும்ப இல்லை என்றார்கள். அலுவலகத்தில் இருந்த பெண் நல்லவள். "குடும்பத்துக்கு ஒரு அறை இருக்கிறது என்று வீட்டுக்காரர் ஒருவர் சொன்னால் போதும், இங்கே மாற்றி எடுக்க நான் பார்க்கிறேன். பின்னறையில் இரண்டு ஆண்கள் இருக்கிற இடத்துக்கு எப்படிக் கூப்பிடுவது?" என்றாள்.

நான் கிழவரிடம் கேட்டேன். சும்மா கேட்டுப் பார்ப்போம் என்றுதான் கேட்டேன். அவர் பைப்பைத் தட்டிக்கொண்டு மேலே பார்த்தார். பெடியன் கோடை முடியப் படிப்பு முடிந்து போகிறான், அந்த அறையை அவர்களுக்குத் தரலாம், பிள்ளை ஓடி விளையாட வளவும் இருக்கிறது என்றார். அவ்வளவு சுலபமாக.

அண்ணைக்குச் சொன்னபோது அவர் நம்பவில்லை.

"வடிவாய்க் கேட்டனீரோ? தாறன் எண்டோ சொன்னவர்? இல்லாட்டி பார்ப்பம் எண்டோ?"

"தாறன் எண்டுதான் அண்ணை."

வளவுக்குப் போய், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மண்வெட்டியை எடுத்து, கொத்த ஒன்றும் இல்லாத இடத்தைக் கொத்தினார். அன்றைக்கு மட்டும் அந்த வசனத்தை நான் சொல்லவில்லை.

ஆடி மாதம் வைத்தியர் கிழவரை முழங்காலுக்கென்று மூன்று கிழமை வெந்நீர்ச் சிகிச்சைக்கு எங்கோ அனுப்பினார். போகும்போது எங்கள் இரண்டு பேரையும் வளவில் நிறுத்தி, பின்னேரத்தில் கொடிக்குத் தண்ணீர் விடவேண்டும், வேறு ஒன்றும் செய்யவேண்டாம் என்றார். தான் தங்குகிற இடத்து ரெலிபோன் இலக்கத்தைக் குசினிச் சுவரில் குத்திவிட்டுப் போனார்.

கிழவரின் வாகனம் வளைவில் திரும்பியதும் நான் அண்ணையைக் கதிரையில் இருத்தினேன்.

"அண்ணை, வடிவாய்க் கேளுங்கோ. அறை கிடைச்சிட்டுது. நீங்கள் இனி ஒண்டும் செய்து அந்தாளைப் பிரியப்படுத்தத் தேவையில்லை. மூண்டு கிழமை கையைக் கட்டிக்கொண்டு இருங்கோ, மனிசியும் பிள்ளையும் இஞ்சை வந்திடும். விளங்குதோ?"

"ஓமோம்."

"ஓமோம் எண்டு சொல்லாதையுங்கோ. விளங்குதோ எண்டு கேட்டனான்."

"விளங்குது எண்டுறன். என்னைப் பார்த்தால் குழப்படிக்காரப் பிள்ளை மாதிரியே கிடக்கு?"

இரண்டு கிழமை நான் காவல் இருந்தேன். பொய்யில்லை, காவல்தான். குசினியில் இருந்த கத்தி முழுவதையும் தீட்டினார். விட்டேன். ஏணியின் ஆடுகிற படியை இறுக்கினார். அதையும் விட்டேன். கொடிக்குத் தண்ணீர் மட்டும் நான்தான் விட்டேன். அவர் பக்கத்தில் நின்று அதை மேலும் கீழும் பார்ப்பார். பீலி வரை ஏறி, இலை அடர்ந்து, பக்கத்துக்குப் பக்கம் கிளை விட்டிருந்தது. ஒருநாள் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்று துப்பினார்.

"கசக்குது" என்றார் யோசனையோடு.

"துப்பினீங்கள் தானே, இனி உள்ளுக்கு வாங்கோ."

அந்த நேரம் பார்த்து வுப்பர்டாலில் என் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது. அண்ணைக்குக் கிடைக்காத அனுமதி எனக்கு ஏனோ கிடைத்தது, ஒரு கிழமை போய்வர. போகாமல் இருக்க முடியுமா? போகும்போது அவரிடம், ஒன்றிலும் கை வைக்கமாட்டேன் என்று பிள்ளையாணை சொல்லுங்கோ என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை. "போட்டு வாரும் ஐசே, பஸ் போகப்போகுது" என்று தோளில் பிடித்துத் தள்ளினார். அப்போதே நான் திரும்பி வந்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். ஒரு வளர்ந்த மனிதனை எத்தனை நாள்தான் கட்டி வைப்பது?

ஒரு கிழமை கழித்து பஸ்ஸால் இறங்கித் தெருவுக்குள் வருகிறேன், எங்கள் வீட்டு வாசலில் தீயணைப்பு வண்டி. அடுத்த வீட்டு மனிசி மார்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். கொட்டில் கதவு உடைந்து கிடக்கிறது, உள்ளே இருந்து வெள்ளைப் புகை மெதுவாக வந்துகொண்டிருக்கிறது. நெருப்பு என்று ஒன்றும் இல்லை. தீயணைப்புக்காரர்கள் ஈரச் சாக்குகளை இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் அண்ணை, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தமிழில் அவர்களை ஏசிக்கொண்டு நின்றார்.

"திறக்காதையுங்கோடா! புகை போகுது! தம்பி, வந்திட்டீரோ, இவங்களுக்குச் சொல்லும், ரெண்டு நாள் விட்டால் சரியாய் வந்திடும் எண்டு சொல்லும்!"

உள்ளே பார்த்தேன். குறுக்கே கயிறு கட்டி, அந்தக் கயிறு முழுக்க ஹொப்பன் இலை. காம்போடு காம்பு சேர்த்து, பிடி பிடியாகக் கட்டி, ஊரில் புகையிலையைப் புகைக் குடிலில் தூக்குகிற மாதிரியே வரிசை தப்பாமல் தூக்கியிருந்தார். கீழே தேங்காய்ப் பொச்சுமட்டைக்குப் பதிலாகத் தச்சுப் பட்டறையில் கேட்டு வாங்கிய ஈர மரத்தூள் புகைந்துகொண்டிருந்தது.

நான் வளவுக்கு ஓடினேன். கொடி நின்றது, ஆனால் நுனி எல்லாம் முறித்திருந்தது. கீழே இருந்து பாதி உயரம் வரை இலை இல்லை. மேலே மிச்சம் விட்ட இலைகள் பெரிதாகத்தான் இருந்தன. பூ என்று ஒரு பொட்டும் இல்லை. பீலி வரைக்கும் ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு காம்பாகப் பார்த்து ஒடித்திருக்கிறார். அந்தக் கொடித் தண்டு சுணை உள்ளது, அவருடைய இரண்டு கையும் தோள் வரைக்கும் சிவந்து கீறிக் கிடந்தது.

"அண்ணை, ஏன்? ஏன் அண்ணை?"

"பூ வரத் தொடங்கிட்டுது தம்பி. பார்த்துக்கொண்டு நிக்கேலுமே? பூவுக்கு விட்டால் இலையிலை இருக்கிற காரம் முழுக்க அதுக்குப் போயிடும். புகையிலைக்குக் குருத்து முறிக்கிறேல்லையே? அந்தாள் வயசு போன மனுசன், ஏணியிலை ஏறி இதைச் செய்யமாட்டார். வரேக்கை புகை காட்டிப் பாடம் போட்ட இலையாய் எடுத்துக் கையிலை குடுத்தால் எப்பிடி இருக்கும்? அறை தாற மனுசனுக்கு நாங்களும் ஏதாவது செய்யவேணும் எல்லே?"

உண்மையைச் சொன்னால், பியருக்குப் போடுவது இலையா பூவா என்று அந்த நேரம் எனக்கும் தெரியாது. அவருடைய கதையில் ஒரு நியாயம் இருக்கிற மாதிரியும் இருந்தது. அதுதான் அந்த மனிதரில் எனக்குப் பிடிக்காத விஷயம். முழு நாசம் பண்ணிவிட்டு, அதை நியாயம் மாதிரிச் சொல்லுவார்.

அடுத்த வீட்டு மனிசி கிழவருக்கு ரெலிபோன் எடுத்துவிட்டாள். மறுநாள் காலையில் அவர் பையோடு வந்து இறங்கினார். உடைந்த கதவைப் பார்க்கவில்லை. நேரே குசினிச் சுவருக்குப் போய், கொடியில் ஒரு கிளையைப் பிடித்துத் தன் பக்கம் வளைத்துப் பார்த்தார். பிறகு அடுத்த கிளை.

"பூ எங்கே?" என்று கேட்டார்.

"என்ன கேக்கிறார்?" என்றார் அண்ணை.

"பூ எங்கை எண்டு கேக்கிறார்."

"பார்லிக்குப் பசளையாய்த் தாட்டிட்டன் எண்டு சொல்லும். வீணாக்கேல்லை."

சொன்னேன். கிழவர் கவிழ்த்து வைத்திருந்த வாளியில் மெல்ல இருந்தார். பியருக்குப் போடுவது அந்தப் பூதான், முற்றின பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் காயவைப்பது, இலை குப்பைக்குப் போவது என்றார். சத்தம் போடவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

நான் அண்ணையின் பக்கம் திரும்பினேன். "அண்ணை, பூதானாம்."

"எது?"

"பியருக்குப் போடுறது. பூதானாம். இலை இல்லையாம்."

"பூவோ?" என்றார். கொடியைப் பார்த்தார். "பூவோ தம்பி?" என்று திரும்பக் கேட்டார். நான் ஒன்றும் விளக்கத் தேவையில்லாமல் போனது. ஒரு வருடப் பயிர் என்றால் என்னவென்று அந்த வளவில் நின்ற மூன்று பேரில் இரண்டு பேருக்குத் தெரியும், நான் மூன்றாமவன்.

கிழவர் என்னிடம்தான் கேட்டார். இலக்கம் சுவரில் இருந்ததே, ஏன் ஒருமுறை கேட்கவில்லை என்றார். அண்ணையிடம் கேட்டேன்.

"கேக்க என்ன கிடந்தது? எனக்குத் தெரிஞ்ச வேலை எண்டு நினைச்சன்."

அதையும் அப்படியே சொன்னேன். கிழவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் பைப்பைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, நான் இருக்கலாம் என்றார். அண்ணை போகவேண்டும். மேல் அறை இல்லை. தான் வெளியே போய்த் திரும்பி வந்தால் தன் வீடு தான் விட்டுப்போன மாதிரி இருக்கவேண்டும், இந்த வயதில் தனக்கு வேறு ஒன்றும் வேண்டாம் என்றார்.

நான் கெஞ்சினேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் கொட்டினேன். மனைவி, பிள்ளை, பவேரியா, அனுமதி இல்லை, எல்லாவற்றையும் சொன்னேன். "தெரியும்" என்றார் கிழவர். நான் இன்னும் சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்றார் திரும்ப, கொடியைப் பார்த்துக்கொண்டு. அவருடைய கண்ணும் சரியாக இல்லை. ஆனால் மாறவில்லை.

"என்னவாம்?" என்றார் அண்ணை.

அதைத் தமிழில் சொல்ல வேண்டியவன் நான். வேறு யாராவது சொல்லக்கூடாதா என்று அந்தச் சின்ன வளவைச் சுற்றிப் பார்த்தேன். யார் இருக்கிறார்கள்? சொன்னேன். அறை இல்லையாம் என்பதைக் கடைசியில் சொன்னேன்.

அண்ணை, "நியாயம்" என்றார்.

"என்ன நியாயம்?"

"என்ரை புகையிலைக்குள்ளை ஆரும் பூந்து இப்பிடிச் செய்திருந்தால் நான் கத்தியோடை போயிருப்பன். இந்தாள் வாளியிலை இருந்து ஆறுதலாய்க் கதைக்குது. வேரிலை நான் கை வைக்கேல்லை, வாற வருசம் வரும் எண்டு சொல்லும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணை, நியாயம் கதைக்கிற நேரமே இது? அந்தாளின்ரை காலைப் பிடிச்சுக் கேளுங்கோ! பிள்ளையை நினைச்சுப் பாருங்கோ!"

"பிடிக்கலாம். பிடிச்சால் பூ வருமே?"

அந்தக் கிழமையே அவரை வேறு ஊர் ஹைம் ஒன்றுக்கு மாற்றினார்கள். அவர் குடும்பத்தோடு சேர அதற்குப் பிறகு ஒன்றரை வருடத்துக்கு மேல் பிடித்தது என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டேன். அதுவும் எங்கோ வடக்கே. நான் அவரைப் பிறகு காணவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் கிழவர் பியர் காய்ச்சவில்லை. கூட்டாளிகள் வந்தார்கள், கடைப் போத்தலைக் குடித்துவிட்டு நேரத்தோடு எழும்பிப் போனார்கள். மேல் அறைக்கு வேறு ஒரு பெடியன் வந்தான். என்னிடம் கேட்டால், யார்மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. கிழவர் மேலா? கிழவரில் என்ன பிழை? ஒரு தோட்டக்காரனை இரண்டு வருடம் கதிரையில் இருத்தி வைத்தவர்கள் மேலா? அவர்களை எங்கே போய்ப் பிடிப்பது? கடைசியில் சுற்றிச் சுற்றி அந்த மனிதர் மேல்தான் வந்து நிற்கிறது. மூன்று கிழமை ஐயா. மூன்றே மூன்று கிழமை.

போவதற்கு முதல் நாள் மனைவிக்குச் சொல்லவேண்டும் என்றார். தெரு முனையில் இருந்த மஞ்சள் ரெலிபோன் கூண்டுக்கு நானும் போனேன். அந்த முகாமில் யார் எடுத்தாலும் ஜெர்மனில் பேசி ஆளைக் கூப்பிடச் சொல்லவேண்டும், அதற்கு நான் வேண்டும். கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கதவு சரியாகச் சாத்தாது.

"இஞ்சரும், அறை சரிவரேல்லை" என்றார். "இல்லை. அந்தாள் தந்தவர். நான்தான் பழுதாக்கிப்போட்டன்." அந்தப் பக்கம் மனைவி ஏதோ நீளமாகச் சொன்னார். "அவரை ஏசாதையும். அவர் நல்ல மனுசன். தெரியாத பயிரிலை நான்தான் கை வைச்சனான்." பிறகு கேட்டுக்கொண்டிருந்தார். அழுகிறாரா என்று பார்த்தேன். அழவில்லை. "குடும் பிள்ளையிட்டை" என்றார்.

பிள்ளையின் குரல் எனக்குக் கேட்கவில்லை. அவருடைய குரல்தான் கேட்டது. சாப்பிட்டியோ, குளிருதோ, அம்மாவோடை சண்டை பிடிக்கிறேல்லை என்றெல்லாம் கேட்டார், சொன்னார். அதற்குப் பிறகு பிள்ளை ஏதோ கேட்டிருக்க வேண்டும். அவர் கீறல் காயாத கையை எடுத்து, சாரத்து மடிப்புக்குள் செருகிக்கொண்டார்.

"அப்பா ஒண்டும் செய்யேல்லைக் குஞ்சு" என்றார். "அப்பா இனி ஒண்டும் செய்யமாட்டன்."